ஜி.எம். கண்ணில் படாத பசை டப்பா

கேள்வி: ஐயா, ஆம்பூர் பக்கம் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 29. மதியத்துக்கு மேல் ஒட்டுகிற ஷூக்களில்தான் சோல் அதிகம் பிரிகிறது என்று ஆறு வாரமாகக் கணக்கு எடுத்து வைத்திருக்கிறேன். காலையில் ஹார்ட்னர் (பசையை இறுக வைக்கிற கெமிக்கல்) ஊற்றிக் கலக்கிய பசையையே சாயந்திரம் வரை ஓட்டுகிறார்கள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஜி.எம். சாருக்கு நான்கு மெயில் போட்டேன், எக்செல் ஷீட்டும் அனுப்பினேன் (மெயில்களையும் ஷீட்டையும் உங்களுக்கும் இணைத்திருக்கிறேன்). பதில் இல்லை. எம்.டி.க்கு சி.சி. போடலாமா என்றும் யோசித்தேன். மூன்று மணிக்கு நேரில் போனால் எப்போதும் போனில் இருக்கிறார். ஒரு தடவை "மெயில் போடும்மா" என்றார், இன்னொரு தடவை "பார்க்கலாம்" என்றார். வேலை முடிந்தபிறகு நின்று பார்க்கலாம் என்றால் ஐந்தரைக்குப் பேரணாம்பட்டு பஸ் கிளம்பிவிடும். நான் பெண் என்பதால் மதிக்கவில்லையா, இங்கிலீஷ் சரியாக வராததாலா என்று தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: ஷீட்டை முழுக்கப் பார்த்தேன் அம்மா. ஒரு டம்ளர் டீ ஆறிப்போகும் அளவுக்கு உட்கார்ந்து பார்த்தேன், ஏனென்றால் நான் ரிடையர் ஆனவன், எனக்கு வேறு வேலை இல்லை. உங்கள் ஜி.எம்.முக்கு இருக்கிறது. விஷயமே அங்கேதான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில், நீங்கள் கண்டுபிடித்தது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. பி.யு. (பாலியூரித்தேன்) பசையில் ஹார்ட்னர் ஊற்றிய நிமிடத்திலிருந்தே அது டப்பாவுக்குள் மெல்ல இறுக ஆரம்பித்துவிடும், சில மணி நேரம்தான் அதற்கு ஆயுள், நம்ம ஊர் சித்திரை வெயிலில் அதுவும் குறையும். நேரம் தாண்டிய பசை பிரஷ்ஷில் நூல் விடும், பேஸ்ட்டிங்கில் (பசை தடவுகிற இடத்தில்) இருக்கிற பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தின்னர் ஊற்றி இளக்கிக்கொள்ளும், பார்வைக்குப் பழையபடி பளபளவென்று ஆகிவிடும். ஒட்டும், பிரஸ்ஸிலிருந்து வெளியே வரும்போது நன்றாகவே இருக்கும். ஒரு நாள் கழித்து இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஷூவில் ஒட்டிய நேரத்தை எழுதி வைத்து மறுநாள் இழுத்துப் பார்க்கிற பொறுமை வேண்டும். அது உங்களுக்கு இருக்கிறது. இந்தத் தொழிலில் 32 வருஷம் இருந்தவன் சொல்கிறேன், அது லேசில் கிடைக்கிற குணம் இல்லை.

ஆனால் அந்த ஷீட்டில் நீங்கள் என்ன செய்திருக்கிறீர்கள் தெரியுமா? 41 ஜோடி பிரிந்ததைத் தேதி, ஆர்ட்டிகிள் (மாடல்) நம்பர், சைஸ், கலர், லைன், பேஸ்ட்டிங் ஆள் பெயர், நேரம் என்று வரிசையாகப் போட்டு, நிறமும் அடித்து, சாட்சி சொல்ல வந்தவர் ஊர்க்கதையெல்லாம் சொல்வதுபோலச் சொல்லியிருக்கிறீர்கள். 41-இல் 33 ஜோடி மதியம் மூன்று மணிக்கு மேல் ஒட்டியது என்பதை நானே எண்ணித்தான் தெரிந்துகொண்டேன். அந்த 33-இல் 15 வெள்ளிக்கிழமையில் விழுந்திருக்கிறது என்பதை நீங்களே கவனித்தீர்களா என்று எனக்குச் சந்தேகம், ஏனென்றால் மெயிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்காக உங்கள் யூனிட்டில் மதிய இடைவேளை நீளம், இல்லையா? காலையில் கலந்த டப்பா அத்தனை நேரமும் சும்மா உட்கார்ந்திருக்கிறது, தொழுகை முடிந்து வந்து அதே பசையை எடுத்துத் தடவுகிறார்கள். உங்கள் கேஸின் உயிரே இதுதான். ஆள் சரியில்லை, தோல் சரியில்லை, சோல் லாட் சரியில்லை என்று யார் எது சொன்னாலும், வெள்ளிக்கிழமை மட்டும் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது. இதைப் போய் ஷீட்டுக்குள் புதைத்து வைத்திருக்கிறீர்களே!

சரி, மெயிலுக்கு வருவோம். நான்கு மெயிலிலும் ஒரே வாசகம், "சோல் பாண்டிங் தொடர்பான விவரம் இணைக்கப்பட்டுள்ளது, தங்கள் மேலான பார்வைக்கு." மேலான பார்வைக்கு என்று எழுதினால் மேலாகத்தான் பார்ப்பார். கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் ஜி.எம். நாற்காலியில் உட்கார்ந்தவன்தான். காலையில் பெட்டியைத் திறந்தால் ஐம்பது அறுபது மெயில் நிற்கும், அதில் "இதை நீ செய்யாவிட்டால் இன்று எனக்கு வேலை நிற்கும்" என்கிறவை ஒரு பத்து இருக்கும், அவற்றுக்குப் பதில் போடுவதற்குள் லைனிலிருந்து கூப்பிடுவார்கள். மீதி எல்லாம் தகவலுக்கு. தகவலுக்கு வந்ததை ராத்திரி பார்க்கலாம் என்று விடுவோம், அந்த ராத்திரி வரவே வராது. உங்கள் மெயிலில் அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஓர் இடத்தில்கூட இல்லை. படித்தாலும் "சரி, இந்தப் பெண் நன்றாக வேலை செய்கிறது" என்று நினைத்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார். அவ்வளவுதான் நடந்திருக்கும்.

அப்புறம் அந்த "மெயில் போடும்மா", "பார்க்கலாம்". இந்தப் பாஷையை நான் எத்தனையோ வருஷம் பேசியவன் என்பதால் அர்த்தம் சொல்கிறேன். "மெயில் போடு" என்றால், இப்போதைக்கு என் முன்னால் நிற்காதே என்று அர்த்தம், மெயிலை எதிர்பார்த்து யாரும் காத்திருக்கவில்லை. "பார்க்கலாம்" என்றால் இல்லை. "எம்.டி.யிடம் பேசுகிறேன்" என்றால் பேசமாட்டார். ஆனால் "எவ்வளவு ஆகும்?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கேள்விக்குப் பதில் கையில் இல்லாமல் மட்டும் போய் நிற்கக்கூடாது.

நேரம் விஷயத்தில் நீங்கள் செய்வது சுத்தத் தப்பு. மூன்று மணிக்குத்தான் சோல் பிரிகிற கூத்து ஆரம்பிக்கிறது என்பதால் மூன்று மணிக்கே சூட்டோடு சூடாகப் போகிறீர்கள், அது புரிகிறது. ஆனால் ஜெர்மனிக்கும் நமக்கும் வெயில் காலத்தில் மூன்றரை மணி நேரம், குளிர் காலத்தில் நாலரை மணி நேரம் வித்தியாசம். அங்கே பையர் (ஷூ வாங்குகிற கம்பெனி) ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும்போது இங்கே மதியம் பன்னிரண்டரையோ ஒன்றரையோ ஆகியிருக்கும். அதிலிருந்து சாயந்திரம் வரை ஐரோப்பாவுக்கு அனுப்புகிற எந்த ஷூ கம்பெனி ஜி.எம்.மும் நமக்குச் சொந்தமில்லை, பையருக்குச் சொந்தம். சாம்பிள் என்ன ஆச்சு, இன்ஸ்பெக்‌ஷன் எப்போது, கண்டெய்னர் எந்தக் கப்பல் என்று போனில் கழுவி ஊற்றிக்கொண்டிருப்பார்கள், அந்த நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நீங்கள் எக்செல் பிரிண்ட் அவுட்டோடு நின்றால் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டார். மாதக் கடைசி வாரமும் அப்படித்தான். சென்னைத் துறைமுகத்துக்கு இங்கிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர், லாரி கிளம்பாத ஒவ்வொரு மணி நேரமும் அவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்.

காலையில் பிடியுங்கள். எல்லா ஜி.எம்.மும் காலையில் ஒரு சுற்று வருவார்கள். நேற்றைய உற்பத்திக் கணக்கை போர்டில் பார்த்துவிட்டு, கட்டிங், ஸ்டிட்சிங் வழியாக லாஸ்டிங் (ஷூவை அச்சில் ஏற்றிச் சோல் ஒட்டுகிற) பக்கம் வந்து நிற்கிற இடம் ஒன்று இருக்கும், அந்த இடம் எது, எத்தனை மணி என்பது லைனில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அங்கே நடந்தபடியே பேசுகிற இரண்டு நிமிடம், ஆபீஸ் அறையில் கேட்டு வாங்குகிற அரை மணி நேரத்தைவிட மேல். ஐந்தரை பஸ்ஸை விட்டுவிட்டு நிற்க வேண்டிய அவசியமும் இல்லை. சில ஆலோசகர்கள் "வேலை நேரம் முடிந்தபின் மேலாளரைச் சந்தியுங்கள்" என்று எழுதுவார்கள், அவர்கள் யாரும் பேரணாம்பட்டுக்கு ராத்திரி தனியாகப் போய்ப் பார்த்தவர்கள் இல்லை.

போகும்போது பேப்பரைக் கொண்டுபோகாதீர்கள். ஷூவைக் கொண்டுபோங்கள்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பேக்கிங் செக்‌ஷனில் இருந்த ஓர் அம்மா. ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு யூனிட்டில் நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்த சமயம், ஐப்பசி அடைமழை. "சார், அட்டைப்பெட்டி எல்லாம் நமுத்துப்போய் வருது" என்று வழியில் ஒரு தடவை சொன்னார்கள். பார்க்கலாம் என்றேன். இன்னொரு நாள் சூப்பர்வைசரிடம் சொல்லி அனுப்பினார்கள். ஸ்டோர்ஸில் கேட்கச் சொன்னேன், ஸ்டோர்ஸில் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள், நான் மறந்துவிட்டேன். மூன்றாவது தடவை அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. காலி பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜையில் அட்டென்டன்ஸ் ரிஜிஸ்டர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்குக் கோபம், யார் இதை இங்கே வைத்தது என்று பெட்டியைத் தூக்கினால் ரிஜிஸ்டரின் அட்டையில் சதுரமாக ஈரம், உள்ளே எழுதியிருந்த மை வரைக்கும் ஊறியிருந்தது. அன்றைக்கே போய்ப் பார்த்தேன், ஸ்டோர்ஸ் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள் இரண்டு கண்டெய்னர் போயிருந்தது. ஒரு மாதம் கழித்துப் பூஞ்சை பிடித்த ஷூக்களின் போட்டோ வந்தது, நல்ல கறுப்பு ஷூவில் சாம்பல் பூத்தாற்போல. எல்லாவற்றையும் அங்கேயே ஆள் வைத்துத் துடைத்து மறுபடி பேக் பண்ணின செலவு நம்ம தலையில் விழுந்தது. தப்பு என்னுடையது, ஸ்டோர்ஸ் மேல் போட்டுத் தப்பித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவுக்கு என் காது கிடைக்கவில்லை, ரிஜிஸ்டர்தான் கிடைத்தது.

அதனால், நேற்று மூன்றரை மணிக்கு ஒட்டிய ஒரு ஷூ, நேற்று காலை ஒன்பதரைக்கு ஒட்டிய ஒரு ஷூ, இரண்டும் ஒரே ஆர்ட்டிகிள், ஒரே சைஸாக எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து நிற்கும்போது காலையில் ஒட்டியதைக் கொடுத்து இழுக்கச் சொல்லுங்கள், வராது. மதியத்தினதைக் கொடுங்கள். நீங்கள் பிரித்துக் காட்டக்கூடாது, அவர் கையால் பிரிய வேண்டும். டோ பக்கத்திலிருந்து சோல் வாழைப்பழத் தோல்போல உரிந்து வரும்போது எந்த ஜி.எம்.மும் அடுத்த செக்‌ஷனுக்கு நடக்கமாட்டார். மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று லேப் ரிப்போர்ட் காட்டினால் பையர் கேட்ட அளவு வருகிறதா இல்லையா என்று வாதம் ஆரம்பிக்கும். கையோடு வந்த சோலில் வாதம் இல்லை.

பிரிந்த பிறகு மூன்று வாக்கியம்தான். மதியத்துக்கு மேல் இப்படி ஆகிறது, வெள்ளிக்கிழமை அதிகம் ஆகிறது. காலையில் கலந்த பசையை மாலை வரை ஓட்டுவது காரணம் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு லைனில், ஒரு வாரம், நாளைக்கு மூன்று தடவை சின்னச் சின்னதாகக் கலந்து பார்க்க அனுமதி கொடுங்கள் சார். "எல்லா லைனிலும் முறையை மாற்ற வேண்டும்" என்று கேட்டால் அவர் யோசிக்க வேண்டியிருக்கும், யோசிக்க நேரமில்லாத ஆளிடம் யோசிக்கிற வேலையைக் கொடுத்தால் பார்க்கலாம் என்பார். ஒரு லைன், ஒரு வாரம் என்றால் நடந்துகொண்டே "பண்ணு" என்று சொல்லிவிடலாம். எவ்வளவு ஆகும் என்று கேட்பார், கேட்பதற்கு முன்பே தெரிந்து வைத்திருங்கள். ஆள் கூடுதலாக வேண்டாம், எடை போட ஒரு தராசு, டப்பாவில் கலந்த நேரத்தை எழுத ஒரு மார்க்கர், கடைசியில் மிஞ்சிக் கொட்டுகிற பசை எத்தனை கிலோ. அந்தக் கடைசிக் கணக்கை ஸ்டோர்ஸில் கேட்டு ரூபாயில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே ஒரு ஜோடி ஷூவைப் பிரித்து மறுபடி ஒட்ட ஆகும் செலவையும் எழுதுங்கள்.

அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப். தமிழிலேயே போடுங்கள். இங்கிலீஷ் வராததால் மதிக்கவில்லை என்று நீங்கள் நினைப்பது தப்பு, இங்கிலீஷ் வராததால்தான் "தங்கள் மேலான பார்வைக்கு" மாதிரி விண்ணப்பப் பாஷைக்குள் ஒளிந்துகொள்கிறீர்கள், அதுதான் கெடுத்தது. இப்படி இருந்தால் போதும்:

"சார், காலையில் காட்டிய சோல் விஷயம். 2-ஆம் லைனில் திங்கள் முதல் சனி வரை பசையை மூன்று முறை கலக்கிறோம். லாஸ்டிங் அண்ணன் சரி என்றார். அடுத்த திங்கள் காலை ரவுண்டில் ரிசல்ட் காட்டுகிறேன்."

இதில் "லாஸ்டிங் அண்ணன் சரி என்றார்" என்ற வரியை நீங்கள் சம்பாதிக்க வேண்டும், அதுதான் இந்த முழு வேலையில் கஷ்டமான இடம். உங்கள் கடிதத்தில் லாஸ்டிங் இன்சார்ஜைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை, அவரைத் தாண்டித்தான் நேராக மேலே போயிருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். அவர் ஆளுக்கு அவர்தான் பொறுப்பு, பசை அவர் டப்பா. ஜி.எம். உங்கள் பேச்சைக் கேட்டாலும் அடுத்த நிமிடம் அவரைத்தான் கூப்பிட்டு "என்னப்பா இது?" என்பார், அவர் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல சார், அந்தப் பொண்ணுக்கு வேற வேல இல்ல" என்பார், முடிந்தது.

நம்ம வேலூர்க் கோட்டையில் நடந்ததே இதுதான். 1806-இல் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்து, அதில் தோல் குஞ்சம் வைத்தது பிரச்சினை ஆனதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். ஜூலை 10-ஆம் தேதி கலவரம் வெடிப்பதற்குச் சில வாரம் முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், இப்படி ஒரு திட்டம் நடக்கிறது என்று சொல்லிவிட்டார். கர்னல் என்ன செய்தார்? விசாரிக்கச் சொல்லி இந்திய அதிகாரிகளிடமே கொடுத்தார். அவர்கள் விசாரித்து, இவன் சொல்வதை நம்ப வேண்டாம், இவனுக்குப் புத்தி சரியில்லை என்றார்கள். சொன்ன ஆள் காவலில் உட்கார்ந்தார். கலவரமெல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கு வெகுமதி கொடுத்தார்கள். அந்தச் சிப்பாய்கள் பக்கம் நியாயம் இருந்தது, அது வேறு கதை. நான் சொல்ல வந்தது, மேலே போகிற எந்தப் புகாரும் சுற்றிக்கொண்டு யாரைப் பற்றியதோ அவர் மேஜைக்கே வந்து சேரும் என்பது. அதனால் முதலில் நீங்களே அங்கே போய்விடுங்கள்.

எப்படிப் போவது? "உங்க லைன்ல தப்பு நடக்குது" என்று போனால் சண்டை. "அண்ணா, இந்த ஷூவக் கொஞ்சம் இழுத்துப் பாருங்களேன்" என்று போங்கள். அவர் கைக்கும் அதே வாழைப்பழத் தோல் வரட்டும். தின்னர் ஊற்றுகிற பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள், ஷீட்டில் இருக்கிற ஆள் பெயர்ப் பத்தியையும் எடுத்துவிடுங்கள், அந்தப் பிள்ளை உங்கள் பஸ்ஸிலேயே வருகிற பிள்ளையாக இருக்கும். ரிஜெக்‌ஷன் குறைந்தால் அவருக்கும் நிம்மதி, திட்டு வாங்குவது குறையும், அதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார். ஒப்புக்கொண்ட கையோடு ஜி.எம்.மிடம் "நான்தான் சார் பண்ணச் சொன்னேன்" என்றும் சொல்வார். சொல்லட்டும். உங்களுக்கு வயிறு எரியும், எனக்குத் தெரியும். ஆனால் தேதி போட்டு எழுதிய நோட்டு உங்களிடம் இருக்கிறது, அடுத்த அப்ரைசலில் அதை எடுத்து வைக்கலாம். அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை என்றால், "சரி அண்ணா, நான் சாரிடம் காட்டிவிடட்டுமா?" என்று அவரிடம் சொல்லிவிட்டே போங்கள். பின்னால் போனதாக மட்டும் இருக்கக்கூடாது.

எம்.டி.க்கு சி.சி. போடலாமா என்று யோசித்ததாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இந்த அளவு விஷயத்துக்கு அதைச் செய்தால் ஜி.எம். பசையை மறந்துவிடுவார், உங்களை மறக்கமாட்டார். யாருடைய உயிருக்காவது ஆபத்தான விஷயம் என்றால் வேறு, கெமிக்கல் ஸ்டோர், எலெக்ட்ரிக்கல், எஃப்ளுயன்ட் டேங்க் (கழிவுநீர்த் தொட்டி) இந்த மாதிரி. அப்போது வரிசை, மரியாதை எதையும் பார்க்காமல் யாரிடம் வேண்டுமானாலும் கத்துங்கள்.

பெண் என்பதாலா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொன்னால் பொய். லைன் முழுக்கப் பெண்கள், கண்ணாடி அறைக்குள் முழுக்க ஆண்கள், இதுதான் நான் வேலை பார்த்த எல்லா யூனிட்டிலும் இருந்த நிலைமை. அதே எக்செல்லை ஓர் ஆண் சூப்பர்வைசர் அனுப்பியிருந்தாலும் பதில் வந்திருக்காது, ஆனால் அவன் சாயந்திரம் ஏழு மணிக்கு டீக்கடையில் ஜி.எம். டிரைவரோடு நின்று, சார் எப்போது கிளம்புகிறார் என்று தெரிந்துகொண்டு, கார் கதவருகே ஒரு நிமிடம் பேசியிருப்பான். அந்த ஒரு நிமிடம் உங்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாகத்தான் காலை ரவுண்டைச் சொல்கிறேன், அது உங்கள் இடம், அங்கே அவர்தான் விருந்தாளி.

ஒரு வாரம் கழித்து ரிசல்ட் காட்டுகிறேன் என்று சொன்னீர்கள் என்றால் அந்தத் திங்கட்கிழமை காலை நிச்சயம் நில்லுங்கள், குறையவில்லை என்றாலும் நில்லுங்கள். "சார், மூன்று தடவை கலந்தும் குறையவில்லை, அடுத்து ஹீட்டரைப் பார்க்கிறேன்" என்று சொல்கிற ஆளை எங்களுக்கு மறக்கவே மறக்காது. ஹீட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒட்டுவதற்கு முன்னால் சூடுபண்ணுகிற பெட்டியின் டெம்பரேச்சரையும் மதியத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள், டிஸ்ப்ளேயை நம்பாதீர்கள், சூடு காட்டுகிற ஸ்டிக்கர் ஒட்டிப் பாருங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறின கையோடு அது சூடு ஏறியிருக்காது, பிள்ளைகள் அதற்குள் ஷூவை உள்ளே தள்ளியிருப்பார்கள்.

செவ்வாய் அல்லது புதன் காலை போங்கள், வெள்ளிக்கிழமை வேண்டாம். ஷூ உள்பக்கம் லைனிங்கில் ஒட்டிய தேதி, நேரம், லைன் நம்பரை மார்க்கரில் எழுதி வையுங்கள். ஜி.எம். பிரித்துப் பார்த்துவிட்டு நகர்ந்ததும் யாராவது ஒருவர் "குடும்மா, நான் ஒட்டித் தரேன்" என்று கை நீட்டுவார். கொடுக்காதீர்கள்.